உஷார்! ஆள் நிற்காத கடையில் கீழ் ரேக்கைப் பாருங்கள்

ஆடித் தள்ளுபடிக்கு பேனர் அடித்தாயிற்று. தீபாவளிச் சரக்குக்கு சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் ஆள் போயாயிற்று. ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களே, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் நடத்துபவர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் கடை வாசலில் 'விற்பனைப் பெண்கள் தேவை, உணவு, தங்குமிடம் இலவசம்' என்ற அட்டை தொங்குகிறதா? அதை எப்போது மாட்டினீர்கள்? போன சித்திரையில் மாட்டிய அட்டை வெயிலில் வெளுத்து, மழையில் நனைந்து, இன்னும் கழற்றப்படாமல் தொங்குகிறது என்றால் உஷார். உங்கள் கடைக்குள் ஏதோ ஒன்று ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. போனஸ் வாங்கிய கையோடு பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். பொங்கல் முடிந்து பஸ் வரும், அவர்கள் வரமாட்டார்கள்.

வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இதுதான்: "ஆள் நிக்கவே மாட்டேங்குது." காரணமும் தயாராக இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, கையில் செல்போன் வந்துவிட்டது, கம்பெனி பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, நூறு நாள் வேலை வந்து எல்லாரையும் கெடுத்துவிட்டது. சம்பளம் பற்றாமல் போகிறவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவே மாட்டேன். சம்பளம்தான் முதல். ஆனால் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில், ஒரு கடையில் பத்து வருடமாக அதே முகங்கள். எதிர்க்கடையில் மாதம் ஒரு புதுமுகம். இது ஏன் என்று கேட்டீர்களா? 'ஆள் நிற்கவில்லை' என்று சொல்கிற நாம், அந்த ஆளை எத்தனை மணி நேரம் நிற்க வைத்தோம் என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

நான் எண்ணியிருக்கிறேன். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், ஆறு மாடி ஜவுளிக்கடையில், ஒன்பது வருடம் மூன்றாவது மாடிக்கு ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். காலை ஒன்பதரைக்கு விளக்கேற்றிச் சாமி கும்பிட்டு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரைக்குத் திரை இழுத்து மூடும்வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குப் பத்து நிமிடம் இரண்டு தடவை. உட்கார்ந்தவர்கள் பெயரை எழுதி, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி மேலே அனுப்பிய நோட்டில் இருந்தது என் கையெழுத்து. அதனால்தான் இதைக் கூச்சல் போட்டுச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

மதியம் மூன்று மணியை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் கடை அமைதியாக இருக்கிற நேரம். மாடியில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை. பதினோரு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ரேக்கில் சாயக் கூடாது. கவுன்டரில் முழங்கை ஊன்றக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து பேசக் கூடாது. எல்லார் கண்ணும் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தலைக்கு மேல் கேமரா. ஒரு பெண் கீழே விழுந்த குண்டூசியைத் தேடுவதுபோல் கவுன்டருக்குப் பின்னால் குந்துவாள். இரண்டு நிமிடம் ஆகாது, கேஷ் கவுன்டரிலிருந்து போன் வரும். "மூணாவது மாடி, யாரு அங்க கீழ? எந்திரிக்கச் சொல்லுங்க." நான் போய்ச் சொல்வேன். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்வாள். முகத்தில் கோபம்கூட இருக்காது. அந்தக் கோபமில்லாத முகம் வந்துவிட்டால் அந்தப் பெண் இன்னும் இரண்டு மாதத்தில் போய்விடுவாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

இன்னொன்றும் மிகத் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் மாடியில் கீழ் ரேக் எப்போதும் பளிச்சென்று இருக்கும். நைட்டி, உள்பாவாடை, லைனிங் துணி என்று அடியில் வைக்கிற சரக்கெல்லாம் அளவு பார்த்து, நிறம் பார்த்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து அடுக்கியிருக்கும். கண்மட்டத்தில் இருக்கிற ரேக் கலைந்து கிடக்கும். மேல் ரேக்கில் தூசி படிந்திருக்கும். முதலாளி சுற்றி வரும்போது, "கீழ எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க, மேலயும் பாருங்கப்பா" என்பார். நானும் தலையாட்டுவேன். கீழ் ரேக்கை அடுக்குவது ஒன்றுதான் அந்தக் கடையில் சட்டப்படி உட்காரக் கிடைத்த வழி என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒரே பாவாடைக் கட்டை ஒரு நாளைக்கு ஏழு தடவை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கே உங்கள் கடையில் போய்ப் பாருங்கள். கீழ் ரேக் மட்டும் சொல்லிவைத்தாற்போல் நேர்த்தியாக இருந்தால், உங்கள் ஆட்கள் உட்கார இடம் தேடித் தவிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டுப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். பதினான்கு வருட சர்வீஸ். புடவையைப் புரட்டிப் பார்க்காமலே, பார்டர் கோர்வையா இல்லையா என்று விரல் ஓட்டத்தில் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தால் பெண்ணின் நிறத்தை மட்டுமா பார்ப்பார்? கூட வந்திருக்கிற அத்தையின் முகத்தைப் பார்ப்பார். யார் வாயிலிருந்து 'சரி' வர வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த அம்மாவின் மடியில் முதல் புடவையைப் பிரித்துப் போடுவார். வியாபாரம் முடிந்துவிடும். மூத்த மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுத்த குடும்பம் இளையவளுக்கு எடுக்க வரும்போது, அக்காவுக்குப் பழைய புடவையின் நிறம் ஞாபகம் இருக்கும். அதை எந்த கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்கள்?

ஒரு தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் அவர் வந்து நின்றார். "பொண்ணுக்குப் பேறுகாலம் தம்பி. நான்தான் பாக்கணும். கணக்க முடிச்சுக் குடுத்துருங்க." முடித்துக் கொடுத்தோம். அடுத்த முகூர்த்த சீசனில், "இங்க ஒரு அக்கா இருப்பாங்களே, எங்க?" என்று கேட்டு வந்தவர்கள், இல்லை என்றதும் இரண்டு புடவையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒருநாள், பஜாரில் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடையில் அவரைப் பார்த்தேன். பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்ட கடை. சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை காட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் கடையின் பழைய வாடிக்கைக் குடும்பம். கூட்டம் போனதும் கேட்டேன். அங்கே எங்கள் கடையைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்த சம்பளம். "பேறுகாலமும் உண்மைதான் தம்பி. ஆனா அது மூணு மாசக் கதை." சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இறுக்கமான சாக்ஸ். அதற்கு மேலே தோல் கறுத்து, நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. "ராத்திரி காலச் சுவத்துல தூக்கி வச்சாத்தான் தூக்கம். இதச் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுறோம்னு சொல்லியிருப்பீங்க." வேறொரு பெண்ணிடம் நான் அதே வார்த்தையைச் சொன்னபோது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு மறந்துபோயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை.

இங்கேதான் நிறைய முதலாளிகள் ஏமாறுகிறார்கள். வேலையை விட்டுப் போகிறவர் சொல்கிற காரணத்தை நம்பாதீர்கள். நிலுவைச் சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது. கூட்டிவந்த ஏஜென்டிடம் பேச்சு வாங்க வேண்டும். தங்கச்சி இன்னும் உங்கள் கடையிலேயே இரண்டாவது மாடியில் வேலை பார்க்கிறாள். இந்த நிலைமையில் யார் வாய்விட்டு, 'எனக்குக் கால் வலிக்கிறது, உட்கார இடமில்லை, அடக்க முடியவில்லை' என்று சொல்வார்கள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஊரில் திருவிழா என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அதைக் கேட்டுவிட்டு அட்டையை மறுபடி மாட்டுவீர்கள்.

நின்றால் என்ன ஆகிவிடும், நாங்களும் நின்றுதானே மேலே வந்தோம் என்பவர்களுக்கு உடம்பின் கணக்கைச் சொல்கிறேன். காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு மேலேற வேண்டும். அதைத் தள்ளி ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் தசை சும்மா இருக்கும், ரத்தம் தேங்கும், சிரை விரியும். விரிந்து விரிந்து வால்வு சரியாக மூடாமல் போய்விட்டால் அப்புறம் புடைப்புதான், வீக்கம்தான், கணுக்கால் பக்கம் ஆறாத புண்தான். டென்மார்க்கில் 12 ஆண்டு தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. நின்றே வேலை பார்க்கிற பெண்கள் இந்தச் சிரை நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம் என்றது. ஆண்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் நல்லதில்லை. கேட்பதெல்லாம், ஆள் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழ ஒரு வழி.

பழைய ஜவுளிக்கடைகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினால் மெத்தை, திண்டு, வெள்ளை விரிப்பு. வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார், காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார். எடுத்துப்போட ஒரு பையன் மட்டும் எழுந்து எழுந்து போய்வருவான். விற்பவர் உட்கார்ந்திருக்கிறார், நம்மை மதிக்கவில்லை என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா? காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் பலவற்றில் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. பிறகு இடத்துக்கு விலை ஏறியது. மாடி மேல் மாடி வந்தது, கண்ணாடி வந்தது, வழவழப்பான டைல்ஸ் வந்தது, மூன்றடி உயரத்துக்கு கவுன்டர் வந்தது. வாடிக்கையாளருக்கு எந்த வெளிச்சத்தில் எந்த நிறம் எடுக்கும் என்றெல்லாம் யோசித்து வரைந்த பிளானில், அந்தக் கவுன்டருக்குப் பின்னால் பன்னிரண்டு மணி நேரம் இருக்கப்போகிற உடம்புக்கு ஒரு சதுர அடிகூட ஒதுக்கவில்லை. விற்பவரை நிற்க வைத்தது வழக்கமும் இல்லை, மரியாதையும் இல்லை. கடையின் வடிவம் மாறியபோது யாரும் யோசிக்காமல் விட்ட விஷயம் அது.

மற்றவர்கள் யோசித்தார்கள். பிரிட்டனில் 1899லேயே சட்டம் போட்டு, கடையில் மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றார்கள். நம் நாட்டில் 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இடையே ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் எழுதியது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடையில் நிற்பவர்களுக்கு யார் பேசுவது? கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி பேசினார். கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை, அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார்.

அடுத்து வந்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் கதையை 'அங்காடித் தெரு' படமாகப் பார்த்து நாம் கண் கலங்கியது 2010இல். சட்டம் வர அதற்குப் பிறகும் 11 ஆண்டு ஆனது.

இப்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் அச்சமாக இருக்கிறது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தால் காட்ட வேண்டுமே! நானே பார்த்திருக்கிறேன், ஒரு மாடிக்கு மூன்று ஸ்டூல். ஒன்றின் மேல் பில் புக், இன்னொன்றின் மேல் பொம்மைக்குப் போடுகிற விக், மூன்றாவதில் மேல் ரேக்குக்கு ஏறிச் சரக்கு எடுக்கிறார்கள். 'உட்காராதே' என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் உட்கார்ந்தவள் பெயர் மாதக் கடைசியில் இன்சென்டிவ் பட்டியலில் இருக்காது. அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். ஸ்டூலே இல்லாத கடையில் நிற்கிறவருக்குக் கால் மட்டும் வலிக்கும். கண்ணெதிரே ஸ்டூல் இருந்தும் உட்கார முடியாத கடையில் மனசும் விட்டுப்போகும். அப்படிப்பட்ட கடையில்தான் ஆட்கள் இன்னும் சீக்கிரம் கிளம்புகிறார்கள்.

உயரத்தையும் பாருங்கள். ஒன்றரை அடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்றடி கவுன்டருக்குப் பின்னால் தலை மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் வந்தால் அவளுக்கும் தெரியாது, சூப்பர்வைசருக்கும் 'மறைந்து உட்கார்ந்திருக்கிறாள்' என்று தோன்றும். இரண்டேகால் அடி, இரண்டரை அடி உயரத்தில், கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பி உள்ள ஸ்டூல் போட்டால் உட்கார்ந்தபடியே முகம் தெரியும், பேச முடியும், ஒரு நொடியில் எழ முடியும். இடமில்லை என்றால் கவுன்டரின் உள்பக்கத்தில் கீல் வைத்து மடக்குப் பலகை அடிக்கலாம். வேண்டும்போது விரித்து உட்கார்ந்துகொள்வார்கள், வேண்டாதபோது மடித்துவிடுவார்கள். உள்ளூர் ஆசாரி இரண்டு நாளில் செய்து கொடுத்துவிடுவார். ஒரு மாடி முழுவதற்கும் ஆகிற செலவு ஒரு நல்ல கல்யாணப் பட்டின் விலையைத் தாண்டாது. நிற்கிற இடத்தில் டைல்ஸ் மேல் கனமான ரப்பர் மேட் போட்டாலே குதிகால் வலி பாதி குறையும் என்று எங்கள் பிள்ளைகளே கேட்டார்கள். அன்றைக்கு நான் மேலே எழுதிக்கூடப் போடவில்லை.

நாற்காலியோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை இது. கழிப்பறை எங்கே இருக்கிறது? எங்கள் கடையில் பணியாளர் கழிப்பறை மொட்டை மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். மூன்றாவது மாடிப் பெண் நாலு மாடி ஏறிப் போய் இறங்கி வர வேண்டும். போக டோக்கன் வேண்டும், மாடிக்கு ஒரே டோக்கன். அது இன்னொருத்தி கையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். அதனால் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவாள், சாயங்காலம் நிரம்பிய பாட்டிலோடு திரும்பிப் போவாள். மாதவிடாய் நாட்களில் லீவு கேட்பார்கள். லீவு இல்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளையை, 'அடிக்கடி லீவு போடுகிறாள்' என்று நிறுத்திய கடையைப் பற்றியும் எனக்குத் தெரியும். கழிப்பறையை எந்த மாடியில் வைப்பது என்று முடிவு செய்த அன்றைக்கே, அந்தப் பிள்ளை எத்தனை மாதம் இருப்பாள் என்பதும் முடிவாகிவிட்டது.

மொட்டை மாடி என்றதும் தகரக் கொட்டகை ஞாபகம் வருகிறது. முன்னால் வாடிக்கையாளருக்கு ஏசி குளிர். பேக்கிங், பிளவுஸ் ஆல்டரேஷன், சரக்கு பிரிப்பது எல்லாம் மேலே ஷீட் கூரைக்கு அடியில். சித்திரை, வைகாசியில் அங்கே தையல் மிஷின் சக்கரம் தொட்டால் சுடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்திய ஆலைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது, வெயில் கூடும்போது வேலைக்கு வராமல் இருப்பதும் கூடுகிறது என்று கண்டது. நம் டெய்லர் மே மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் 'குடிகாரன்' என்கிறோம். அவர் தலைக்கு மேல் இருக்கிற ஷீட்டை ஒருநாளாவது தொட்டுப் பார்த்தோமா?

விடுதி நடத்துகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். படுக்கிற இடமும் வேலை செய்கிற இடத்தின் பகுதிதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்ததை மறந்துவிடாதீர்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனமே ஆள் அனுப்பிப் பார்த்து, தங்குமிடங்களிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் சில தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. மறுபடி திறக்க ஜனவரி ஆனது. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கே அந்த நிலைமை என்றால், பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்து, இரண்டு குளியலறைக்கு நாற்பது பேரை வரிசையில் நிறுத்துகிற கடை என்ன ஆகும்? நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பெண், ராத்திரி பக்கெட் வைத்து வரிசையிலும் நிற்கிறாள். காலையில் ஐந்து மணிக்கு அதே வரிசையில் மறுபடி நிற்கிறாள். அவள் நிற்கவில்லை என்கிறீர்களே, பாவம், அவள் நிற்காத நேரம் எது?

"கஸ்டமர் வரும்போது கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தா எவன் மதிப்பான்?" என்று எங்கள் முதலாளி கேட்பார். நல்ல மனிதர்தான். ஊர்க் கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர். பணியாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவர் கண்ணில் படாதது ஒன்றுதான். எங்கள் மாடிக்கு வருகிற வயசான அம்மாக்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, "நீயும் உக்காரும்மா, எவ்வளவு நேரந்தான் நிப்ப." எங்கள் பிள்ளைகள், "பரவால்லம்மா" என்று சிரித்தபடி என்னைப் பார்ப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆடி பிறக்க நாள் அதிகம் இல்லை. அதற்குள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், முதலாளியோ உங்கள் மகனோ மூன்றாவது மாடியில் காலையிலிருந்து இரவு வரை நின்று பாருங்கள். சாயாமல், முழங்கை ஊன்றாமல், போன் பேசுகிற சாக்கில் கீழே போகாமல். தண்ணீர் வேண்டிய அளவு குடியுங்கள், கழிப்பறைக்கு அவர்கள் போகிற படிக்கட்டிலேயே போங்கள். ஐந்து மணிக்குள் உங்களுக்கே எல்லாம் விளங்கிவிடும். அப்புறம், போன வருடம் வேலையை விட்டுப் போன பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். நீங்களே பேசாதீர்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது பேசச் சொல்லுங்கள். 'திரும்ப வா' என்று கூப்பிட வேண்டாம். 'கால் எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கணக்கு முடித்துக் கொடுத்தாயிற்று, பயமில்லை, இப்போது உண்மை வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கடை கட்டுகிறவர்கள், பிளான் போடுகிற இன்ஜினியரிடம் ஏசி எத்தனை டன் என்று பேசுவதற்கு முன்னால் பணியாளர் கழிப்பறை எந்தெந்த மாடியில், சாப்பாட்டு அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம், கவுன்டருக்குப் பின்னால் எத்தனை அங்குலம் என்று கேட்டுவிடுங்கள். சுவர் எழும்பிவிட்டால் ஸ்டூல் போடலாம், கழிப்பறையை இடம் மாற்ற முடியாது.

பழைய கடைக்காரர்கள் ஸ்டூலிலிருந்து தொடங்குங்கள். போட்ட அன்றைக்கே முதல் ஆளாக சூப்பர்வைசரை அதில் உட்கார வையுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். ஃபைன் நோட்டில் 'உட்கார்ந்திருந்தது' என்று இருக்கிற பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். கேமரா பார்க்கிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: மூன்றாவது மாடியில் யாராவது உட்கார்ந்திருப்பது தெரிந்தால் போனை எடுக்க வேண்டாம்.